ரக்பி கற்றுத்தரும் தலைமையும் குணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

12 ஆண்டுகள் பிளாங்கர் என்ற முன்கள இடத்தில் ஆடினேன். இப்போது இளம் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெற்றோர், புதிதாகச் சேர்ந்தவர்கள், முதன்முறையாகக் கேப்டன் ஆனவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி யூனியனைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

ரக்பி ஆடினால் நல்ல குணம் தானாக வந்துவிடுமா?

வராது. ரக்பி ஆடியவர்களில் முரடர்களும் உண்டு, சுயநலக்காரர்களும் உண்டு. ஆனால் இந்த ஆட்டத்தில் குணத்தை மறைத்துக்கொள்ள முடியாது. மூச்சு முட்டும் 70-வது நிமிடத்தில் விழுந்த இடத்திலிருந்து எழுந்து ஓடுகிறீர்களா, படுத்தபடி வேடிக்கை பார்க்கிறீர்களா என்பது கூட ஆடும் 14 பேருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வாரமும் அதே சோதனை வரும். தெரிந்துகொண்டதை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ள மனம் உள்ளவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

நேர்மை, ஈடுபாடு, ஒற்றுமை, ஒழுக்கம், மரியாதை ஆகிய ஐந்தையும் 2009-ல் ரக்பியின் அடிப்படைப் பண்புகளாக உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டன. அதைச் சுவரில் எழுதி ஒட்டுவதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. அந்தப் பண்புகள் ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே ஊறிக்கிடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆட்டமே தெரியாதவருக்கு அந்த விதிகளைச் சொல்ல முடியுமா?

முதல் விதி, பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். ஆகவே பந்தை வைத்திருப்பவர் தன் அணியில் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறார். அவர் கண்ணெதிரே இருப்பதெல்லாம் எதிரணி. துணைக்கு வருபவர்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால். அவர்களை அவர் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். "இடது பக்கம் நான் இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தால்தான் பந்து கைமாறும். பின்னால் வருபவர் ஊமையாக ஓடி வந்தால், எவ்வளவு வேகமாக வந்தாலும் பயனில்லை. புதியவர்களுக்கு நான் ஓட்டத்தைவிட முதலில் கற்றுக்கொடுப்பது குரல் கொடுப்பதைத்தான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் கடினமாக இருக்கிறது. அவர்களை மாற்றிவிடுவதும் இதுதான்.

இரண்டாவது விதி, டேக்கிள் செய்யப்பட்டு, அதாவது எதிராளியால் பிடித்து விழுத்தப்பட்டு, தரையில் விழுந்தவர் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். விழுத்தியவரும் பிடியை விட்டு விலக வேண்டும். அந்தப் பந்துக்காக இரு அணியினரும் காலில் நின்றபடி ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளுவதுதான் ரக். அதில் சேர விரும்புபவர் தன் அணியின் பின்பக்கமிருந்துதான் வர வேண்டும். பக்கவாட்டில் குறுக்கே புகுந்தால் பெனால்டி. அவசரம் எவ்வளவு இருந்தாலும் சுற்றிக்கொண்டு பின்னால் போய்த்தான் உள்ளே வர வேண்டும். குறுக்கு வழிக்கு இவ்வளவு உடனடியாகத் தண்டனை கிடைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

80 நிமிடம் ஆடியும் பந்து கைக்கே வரவில்லை என்று என் மகன் வருத்தப்படுகிறான். அவனிடம் என்ன சொல்வது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதியும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

ஒரு முழு ஆட்டத்தில் ஒருவர் கையில் பந்து இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில நிமிடங்களைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் ரக்கிற்கு ஓடுவது, தோழன் விழுந்ததும் மேலே நின்று பந்தைக் காப்பது, தடுப்பு வரிசையில் இடம் பிடிப்பது, வராமலே போகக்கூடிய ஒரு பாஸுக்காக 40 மீட்டர் கூடவே ஓடுவது. ட்ரை போட்டவர், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றியவர் பெயரை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய நான்கு ரக்குகளில் எதிராளியைத் தள்ளிப் பந்தைச் சுத்தமாக வெளியே எடுத்துக்கொடுத்தவர் பெயர் யார் வாயிலும் வராது.

எனக்கு வாய்த்த பயிற்சியாளர் ஒருவர் ஆட்டப் பதிவைப் போட்டுக் காட்டும்போது பந்து இருக்கும் இடத்தைப் பேசவே மாட்டார். படத்தை நிறுத்தி, ஓரத்தில் தரையில் கிடக்கும் ஒருவரைக் காட்டி, அங்கிருந்து அவர் எழுந்து நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணச் சொல்வார். முதல் பாதியில் 2 நொடியில் எழுந்தவர் இரண்டாம் பாதியில் 5 நொடி எடுத்திருப்பார். ஒருமுறை அப்படி எண்ணப்பட்டவன் நான். மூன்று டேக்கிள்கள் நன்றாகச் செய்தேன் என்ற பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். நான் தரையில் கிடந்த அந்த 5 நொடியில் தடுப்பு வரிசையில் ஒரு ஓட்டை விழுந்ததும், அதன் வழியே எதிரணி புகுந்ததும், என் தவறுக்கு வேறொருவன் ஓடி விலை கொடுத்ததும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அன்று முதல் விழுந்ததும் எழுவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மகனிடம் "இன்று எத்தனை முறை பந்து வந்தது?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "இன்று யார் உனக்கு உதவினார்கள்? நீ யாருக்கு உதவினாய்?" என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் அவன் ஆட்டத்தைப் பார்க்கும் விதமே மாறியிருக்கும்.

ஸ்க்ரம் வெறும் பலப்பரீட்சைதானே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நின்ற ஆட்டத்தை மீண்டும் தொடங்க, பக்கத்துக்கு எட்டுப் பேர் பிணைந்து நின்று பந்துக்காக முட்டுகிறார்கள். முன்வரிசையில் இரண்டு பிராப், நடுவில் ஹூக்கர். இரண்டாம் வரிசையில் இரண்டு லாக். அவர்களுக்கு இருபுறமும் பிளாங்கர், பின்னால் நம்பர் எட்டு. தொழில்முறை அணிகளில் ஒரு பக்கத்து எடையே 900 கிலோவை ஒட்டி வரும்.

உள்ளே தலை குனிந்து நிற்பவருக்கு அது வேறு அனுபவம். எட்டுப் பேர் தனித்தனியாக எட்டு முறை தள்ளினால் ஒன்றும் நகராது. முதுகு நேராக, கால்கள் ஒரே கோணத்தில், ஒரே கணத்தில் தள்ள வேண்டும். லாக்கின் தோள் பிராப்பின் பின்புறத்தில் சரியாகப் பதியாவிட்டால் அவ்வளவு வலிமையும் வீண். ஒருவர் அரைநொடி முந்தினால் மொத்த ஸ்க்ரம்மும் திரும்பிவிடும். வீரசாகசம் காட்ட நினைப்பவர் அங்கே தொல்லைதான்.

ஸ்க்ரம் சரிந்தால் முன்வரிசையில் இருப்பவர்களின் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் ஆபத்து. அதனால் எதிரணி பிராப்பின் பாதுகாப்பிலும் பாதி உங்கள் கையில். அவரைத் தோற்கடிக்க முழு பலத்தையும் போடும்போதே அவருக்கு அடிபடாமல் நிலையாக நிற்க வேண்டும். எதிராளியை மதிப்பது என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்டது அறிவுரையிலிருந்து இல்லை, அந்தக் குனிந்த நிலையிலிருந்துதான்.

2003 ஜூனில் வெலிங்டனில் நடந்த ஒரு ஆட்டத்தை இதற்கு எப்போதும் சொல்வேன். இங்கிலாந்தின் நீல் பேக், லாரன்ஸ் டலாலியோ இருவரும் அடுத்தடுத்து மஞ்சள் அட்டை வாங்கி ஒரே நேரத்தில் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஆறு முன்கள வீரர்கள் மட்டும் நியூசிலாந்தின் எட்டுப் பேரை ஸ்க்ரம்மில் திரும்பத் திரும்பத் தாங்கிப் பிடித்தார்கள். இங்கிலாந்து 15-13 என்று வென்றது. அதே ஆண்டு நவம்பரில் மார்ட்டின் ஜான்சன் தலைமையில் உலகக் கோப்பையையும் வென்றது.

நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேச வேண்டுமா?

ஆமாம், முடிவுகளைப் பற்றிக் கேட்கும் உரிமை கேப்டனுக்குத்தான். மற்றவர்கள் முறைத்தாலோ வாதாடினாலோ பெனால்டி, ஏற்கெனவே பெனால்டி என்றால் அது இன்னும் 10 மீட்டர் முன்னேற்றப்படும்.

இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு முடிவு அநியாயம் என்று தோன்றிய கோபத்தில் நடுவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். பெனால்டி 10 மீட்டர் முன்னே போனது. கம்பத்துக்கு எட்டாமல் இருந்த உதை எட்டும் தூரத்துக்கு வந்தது. பெனால்டி உதை 3 புள்ளி. நாங்கள் தோற்றது 2 புள்ளியில். அந்த முடிவு சரியா தவறா என்பது இன்று எனக்கு நினைவில்லை. உடை மாற்றும் அறையில் யாரும் எதுவும் பேசாமல் இருந்ததுதான் நினைவிருக்கிறது.

கேப்டனுக்கு இது இன்னும் நுணுக்கமான பாடம். நல்ல கேப்டன் நடுவரிடம் முறையிட மாட்டார், கேள்வி கேட்பார். "எங்கள் வீரர் என்ன செய்தால் சரியாக இருக்கும்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். அந்தப் பதிலை அணிக்குக் கொண்டுபோக முடியும். கேட்க வேண்டியதை ஆட்டம் நின்றிருக்கும் நேரம் பார்த்து, குரலை உயர்த்தாமல், சுருக்கமாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஓடிப்போய் நிற்பவர் பேச்சுக்கு, உண்மையிலேயே முக்கியமான தருணத்தில் மதிப்பு இருக்காது.

களத்தில் முடிவெடுப்பது பயிற்சியாளரா, கேப்டனா?

பயிற்சியாளர் மேலே பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருப்பார். செய்தி அனுப்பலாம். ஆனால் பெனால்டி கிடைத்ததும் கம்பத்துக்கு உதைப்பதா, எல்லைக்கோட்டுக்கு வெளியே உதைத்து லைன்-அவுட் (ஓரக்கோட்டிலிருந்து இரு அணி வரிசைகளுக்கு நடுவே பந்தை எறிவது) எடுப்பதா, ஸ்க்ரம் கேட்பதா என்று நடுவரிடம் சொல்ல வேண்டியவர் கேப்டன்தான். அதற்குக் கிடைப்பது சில நொடிகள்.

2015 உலகக் கோப்பையில் ஒரே வார இடைவெளியில் இரண்டு கேப்டன்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைச் சந்தித்தார்கள். செப்டம்பர் 19, பிரைட்டன். தென்னாப்பிரிக்காவிடம் ஜப்பான் 29-32 எனப் பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடங்களில் பெனால்டி. உதைத்து 3 புள்ளி எடுத்தால் சமன். இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற அணியோடு சமன் என்பதே ஜப்பானுக்குப் பெரிய சாதனையாக இருந்திருக்கும். கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார். 80 நிமிடம் கடந்த பிறகு கார்ன் ஹெஸ்கத் மூலையில் ட்ரை போட, 34-32 என ஜப்பான் வென்றது. உலகமே லீச்சைக் கொண்டாடியது.

செப்டம்பர் 26, டுவிக்கன்ஹாம். வேல்ஸிடம் இங்கிலாந்து 25-28 எனப் பின்தங்கியிருந்தது. பெனால்டி கிடைத்தது. உதைத்தால் சமன் செய்ய வாய்ப்பு. கேப்டன் கிறிஸ் ராப்ஷா வெற்றியைத் தேடி லைன்-அவுட்டைத் தேர்ந்தெடுத்தார். வேல்ஸ் வீரர்கள் அவர்களைப் பந்தோடு எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். இங்கிலாந்து தோற்றது. அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. ராப்ஷாவை விமர்சிக்காதவர் இல்லை.

முதல் முடிவை வீரம் என்றும் இரண்டாவதை முட்டாள்தனம் என்றும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டிலும் கணக்குப் பார்க்கப்பட்டது, அபாயமும் ஏற்கப்பட்டது. முடிவை எடுத்த விதத்தைப் பார்த்து மதிப்பிட வேண்டும், விளைவைப் பார்த்து மட்டும் மதிப்பிடக் கூடாது. கேப்டனோடு நிற்கும் 14 பேர் அந்த நொடியில் ஒரே மனதாக இருக்கிறார்களா என்பதும் முக்கியம். அரை மனதோடு செய்த சரியான முடிவைவிட, எல்லோரும் சேர்ந்து இறங்கிய சுமாரான முடிவு பல சமயம் ஜெயித்துவிடுகிறது. கேப்டனுக்குத் தனிப்பட்ட முறையில் நான் சொல்வது ஒன்றே ஒன்று: தோற்றபின் "அவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள்" என்று யாரையும் கைகாட்டாதீர்கள்.

கேப்டன் ஆகாதவருக்குத் தலைமைப் பண்பு எங்கிருந்து வரும்?

லைன்-அவுட்டில் பந்து யாருக்கு எறியப்படும் என்ற குறிச்சொல்லைச் சொல்பவர் பெரும்பாலும் ஒரு லாக். ரக்கிலிருந்து பந்து எப்போது வெளியே வர வேண்டும் என்பது ஸ்க்ரம்-ஹாஃப் கையில். அடுத்த தாக்குதலின் வடிவத்தைத் தீர்மானிப்பவர் பிளை-ஹாஃப். தடுப்பு வரிசையைப் பின்னாலிருந்து பார்த்து இடம் மாற்றிவிடுபவர் ஃபுல்பேக். ஆளுக்கொரு பொறுப்பு இருக்கிறது. அந்த நேரத்தில் கேப்டனும் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

பெரிய தோல்வியிலிருந்து ஒரு அணி எப்படி மீள்கிறது?

நியூசிலாந்தின் கதை எனக்குப் பிடித்தமானது. 2007 உலகக் கோப்பையில் கோப்பை அவர்களுக்குத்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, காலிறுதியில் பிரான்ஸிடம் 18-20 எனத் தோற்றார்கள். கேப்டன் ரிச்சி மெக்காவ். கடைசி நிமிடங்களில் அந்த அணி பதற்றத்தில் யோசிக்க முடியாமல் திணறியது. அவரைத் தூக்கி எறியும்படி எழுந்த குரல்களை மீறி வாரியம் அவரையும் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியையும் வைத்துக்கொண்டது. அதன்பின் அவர்கள் உடலோடு மனதுக்கும் பயிற்சி எடுத்தார்கள். நெருக்கடியில் மூச்சை ஆழமாக இழுப்பது, காலைத் தரையில் அழுத்தி அந்தக் கணத்துக்குத் திரும்புவது, அடுத்த ஒரு வேலையை மட்டும் பார்ப்பது என்று எளிய பழக்கங்கள்தான்.

2011 இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே பிரான்ஸ். மெக்காவ் பாத எலும்பு முறிந்த நிலையில் ஆடினார். பிளை-ஹாஃப் இடத்துக்கு உரிய டான் கார்ட்டர், கொலின் ஸ்லேட் இருவரும் ஒருவர்பின் ஒருவராகக் காயத்தில் விழ, அணியிலேயே இல்லாமல் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஸ்டீபன் டொனால்ட் அழைக்கப்பட்டிருந்தார். இறுதி ஆட்டத்தின் நடுவிலேயே ஏரன் குரூடனும் காயத்தில் விழ, டொனால்ட் களமிறங்கினார். அவர் உதைத்த பெனால்டிதான் வெற்றிப் புள்ளிகள் ஆனது. 8-7. முதலில் தேர்வாகாதபோதும், அழைப்பு வந்ததும் போய் உதைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து முகம் வாடும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை இது.

எனக்குக் கோபம் அதிகம். ரக்பி அதைக் கூட்டிவிடுமா, குறைக்குமா?

கோபத்துக்கு இங்கே கணக்குத் தெளிவாக இருக்கிறது. மஞ்சள் அட்டை என்றால் 10 நிமிடம் வெளியே. உங்கள் வேலையை மற்ற 14 பேர் பகிர்ந்து செய்வதை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த 10 நிமிடம் பலரைத் திருத்தியிருக்கிறது.

கோபம் இல்லாமல் செய்த பிழைக்கும் இதே தண்டனைதான். 2023 அக்டோபர் 28-ல் பாரிஸ் அருகே நடந்த உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் தலை உயரத்தில் மோதியதற்காக வாங்கிய மஞ்சள் அட்டை சிவப்பானது. ஆண்கள் இறுதி ஆட்டத்தில் அதுவே முதல் சிவப்பு அட்டை. தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கொலிசியும் மஞ்சள் அட்டையோடு வெளியேறினார். இரண்டு கேப்டன்களும் வெளியே உட்கார வேண்டியிருந்த அந்த இறுதி 12-11 என முடிந்தது. தலைவர் இல்லாத நேரத்தில் அணி என்ன செய்கிறது என்பதில், அவர் அதுவரை என்ன செய்திருந்தார் என்பது தெரிந்துவிடுகிறது.

ரக்பி மனிதர்களை இணைக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இனவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டை கறுப்பின மக்களுக்கு ஒடுக்குமுறையின் அடையாளமாகவே இருந்தது. அதை மறந்துவிட்டு 1995-ஐ மட்டும் பேசுவது தவறு. அந்த ஆண்டு ஜூன் 24-ல் ஜொகன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலா கேப்டன் பிரான்சுவா பியனாரின் 6-ம் எண் சட்டையைத் தானே அணிந்து வந்து கோப்பையைக் கொடுத்தார். தன்னை ஒடுக்கியவர்களின் சட்டையை அவர் அணிந்ததுதான் அங்கே தலைமை. ஆனால் அந்த அணியில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. கறுப்பினத்தவர் ஒருவர் டெஸ்ட் கேப்டன் ஆக 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்தான் கொலிசி. 2019, 2023 என இரண்டு கோப்பைகள் அவர் தலைமையில் வந்தன. ஒரு நாளின் அடையாளத்துக்கும் உண்மையான மாற்றத்துக்கும் நடுவே 23 ஆண்டுகள் உழைப்பு இருக்கிறது.

அடிபடுமே, பிள்ளையை அனுப்பலாமா?

அடிபடும், மறைக்க மாட்டேன். சரியான டேக்கிள் நுட்பம் கற்றுத்தராத இடத்துக்கு அனுப்பாதீர்கள். பயமிருந்தால் மோதலே இல்லாத டச் ரக்பி, டேக் ரக்பியிலிருந்து தொடங்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் உடனே வெளியேற வேண்டும், அன்று திரும்ப ஆடக் கூடாது. இளம் அணிகளில் இதற்கு விதிவிலக்கே இருக்கக் கூடாது. வலியை மறைத்து ஆடுவதைத் துணிச்சல் என்று போற்றும் பழக்கம் ரக்பியில் நீண்ட காலம் இருந்தது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அது பிழை. என்னோடு ஆடிய ஒருவர் தலைசுற்றலை மறைத்து ஆடினார். பின்பு வாரக்கணக்கில் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருட்டறையில் கிடந்தார். அவர் தடுமாறுவதைப் பார்த்தும் நாங்கள் யாரும் கையை உயர்த்தவில்லை. இப்போது என் அணியில், தோழனுக்கு ஏதோ சரியில்லை என்று நடுவரிடம் ஓடி வந்து சொல்லும் பிள்ளையைத்தான் ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னும் பாராட்டுகிறேன்.

30 வயதுக்கு மேல் சேரலாமா?

சேரலாம். மூன்று மாதம் உடலைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

ரக்பி ஆடியவர் வேலையிடத்திலும் நல்ல தலைவராக இருப்பாரா?

சிலர் இருப்பார்கள். சிலர் களத்தில் கத்துவதை அங்கேயும் போய்க் கத்துவார்கள். எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதைப் பொறுத்தது. நியூசிலாந்து தேசிய அணியில் ஆட்டம் முடிந்ததும் மூத்த வீரர்களே உடை மாற்றும் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. 2019 உலகக் கோப்பையின்போது ஹகிபிஸ் சூறாவளியால் கமாயிஷியில் நடக்கவிருந்த ஆட்டம் ரத்தானதும், கனடா வீரர்கள் தெருவில் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். அந்தப் பழக்கத்தோடு போகிறவர் எங்கே போனாலும் நன்றாகவே இருப்பார்.

முதல் நாள் பயிற்சிக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

பல் காப்பு, ஆணி வைத்த பூட்ஸ், தண்ணீர். முடிந்தால் கால் மணி நேரம் முன்பே வாருங்கள். கோல் கம்பங்களுக்கு மெத்தை உறை கட்ட எப்போதும் ஆள் போதுவதில்லை.